பழைய பிக்கப் வண்டியில் இருப்பது எந்த கியர் பாக்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும், இன்னும் எத்தனை பழைய பிக்கப்புகள் நம் ஊரில் உழைக்கின்றன என்று. டாடா 207, மஹிந்திரா பிக்கப், பொலேரோ கேம்பர், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய டாடா மொபைல். நானும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை ஏற்றி வர ஒரு பழைய 207 வைத்திருப்பவன். மெக்கானிக் அல்ல. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்த மணி நேரம் கொஞ்சமல்ல. அதனால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது. எந்த கியர் பாக்ஸ் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஓடுகிற வரை ஒன்றும் ஆகாது. நின்றால்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை மாதம், மல்லிகை கொட்டுகிற நேரம். கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. கடையில் போய் "207 கிளட்ச் பிளேட்" என்றேன், எடுத்துக் கொடுத்தார்கள். கியர் பாக்ஸை இறக்கி, புது பிளேட்டைப் போட்டுப் பார்த்தால் நடுவில் உள்ள பல் ஷாஃப்டில் ஏறவே இல்லை. வெளி அளவு சரி, உள் பல் வேறு. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் எப்போதோ வேறு வண்டியின் கியர் பெட்டியை எடுத்துப் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. கடைக்காரர் மேல் குற்றமே இல்லை, நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். வண்டி இரண்டு நாள் ஜாக்கியில் நின்றது. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே மார்க்கெட் சேர வேண்டிய சரக்கு. அந்த இரண்டு நாளும் வாடகை வண்டி பிடித்தேன்.

கிளட்ச் பிளேட், ஆயில் சீல், பேரிங், சின்க்ரோ ரிங் (பல் கரகரக்காமல் கியர் விழ வைக்கும் வளையம்), கியர் ஆயில், ஏன், பெட்டி உட்காரும் ரப்பர் மவுண்ட் வரைக்கும் எல்லாமே பெட்டியின் வகையைப் பொறுத்தது. வண்டியின் பெயரைப் பொறுத்தது அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

ஆர்.சி. புக்கில் போட்டிருக்காதா?

இருக்காது. ஆர்.சி.யில் சேஸிஸ் எண், என்ஜின் எண், மாடல், தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். கியர் பாக்ஸுக்கு அதில் இடமே இல்லை. என்ஜினை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், பெட்டியை மாற்றினால் அந்த எழுத்து வேலை எதுவும் கிடையாது. அதனால்தான் டி.என். 58, 59, 64 என்று எந்த எண்ணில் ஓடும் பழைய வண்டியாக இருந்தாலும் பெட்டி பலமுறை கை மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

ஆனாலும் ஆர்.சி.யைத் தூக்கிப் போடாதீர்கள். சேஸிஸ் எண் முழுவதையும் கம்பெனி ஸ்பேர் கவுன்டரில் கொடுத்தால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டியில் எந்தப் பெட்டி இருந்தது என்று அவர்கள் பட்டியலில் பார்த்துச் சொல்வார்கள். எண் எம்.ஏ.டி. என்று தொடங்கினால் டாடா, எம்.ஏ.1 என்றால் மஹிந்திரா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட். அது பிறந்தபோது இருந்த பெட்டி. இப்போது அடியில் தொங்குவது அதுதானா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கியர் லீவர் தலையில் 1, 2, 3, 4, 5, ஆர் என்று படம் இருக்கிறதே, அது போதாதா?

அந்தக் குமிழ் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐந்து கியர் படம் போட்ட குமிழை நாலு கியர் வண்டியில் திருகி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். குமிழை நம்பாமல் கையை நம்புங்கள். என்ஜினை நிறுத்தி, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டு எத்தனை இடத்தில் விழுகிறது, ரிவர்ஸ் எந்த மூலையில் இருக்கிறது, அதற்கு லீவரை அமுக்க வேண்டுமா தூக்க வேண்டுமா என்பதை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

இந்தப் படம் சில சமயம் நேராக விடையையே கொடுத்துவிடும். பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் இருந்த டி-90 பெட்டியில் முன்னால் போக மூன்றே கியர். ரிவர்ஸ் இடப்பக்கம் மேலே, ஒன்றாம் கியர் அதற்குக் கீழே, இரண்டு வலப்பக்கம் மேலே, மூன்று கீழே. ஒன்றாம் கியருக்கு சின்க்ரோ கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஒன்றில் போட்டால் பல் கரகரக்கும். இந்த மூன்றும் பொருந்தினால் வேறு சந்தேகமே வேண்டாம்.

வண்டிக்கு அடியில் போய் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பாதுகாப்பு. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். 207 போல உயரமான வண்டிக்கு ஜாக்கி இல்லாமலே அடியில் நுழையலாம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு கொடுங்கள்.

அப்புறம் ஒரு கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணி, டார்ச் லைட். பெட்டியின் மேல் பத்து வருட மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கன்னங்கரேலென்று பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் ஒன்றும் தெரியாது. பாதிப் பேர் இங்கேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் செலவழியுங்கள், பலன் உண்டு.

தேட வேண்டியது ஒரு சின்ன உலோகத் தகடு. ரிவெட் அடித்தோ திருகு போட்டோ பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். வகையும் வரிசை எண்ணும் அதில் பதிந்திருக்கும். டாடா தகட்டில் ஜிபிஎஸ் 76-5/4.10 என்பது போல ஒரு பெயர் வரலாம். இது வழி காட்டும் ஜிபிஎஸ் அல்ல, கியர் பாக்ஸ் வரிசையின் பெயர். இதில் 5 என்பது முன்னால் போகும் கியர்களின் எண்ணிக்கை. 4.10 என்பது ஒன்றாம் கியரின் விகிதம், அதாவது என்ஜின் 4.10 சுற்று சுற்றினால், பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இப்படி ஒரு தகடு கிடைத்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டி உங்களிடம் இருக்கும் வரை உதவும்.

தகடு விழுந்திருந்தால் பெட்டியின் வெளிக் கூட்டின் வடிவத்தைப் பாருங்கள். அலுமினியமா, வார்ப்பிரும்பா? ஒரு காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். பெல் ஹவுசிங், அதாவது கிளட்சை மூடியிருக்கும் மணி போன்ற பகுதி, பெட்டியோடு ஒரே வார்ப்பா அல்லது தனியாக போல்ட் போட்டதா? லீவர் நேராகப் பெட்டியின் மேல் மூடியில் இறங்குகிறதா, பின்னால் நீண்ட கழுத்தில் இறங்குகிறதா? மேல் மூடி, பக்க மூடி, பின் மூடி ஒவ்வொன்றிலும் எத்தனை போல்ட்? ஸ்பீடோமீட்டர் கேபிள் எந்தப் பக்கம் நுழைகிறது, அல்லது கேபிளுக்குப் பதில் ஒயர் வைத்த சென்சாரா? ரிவர்ஸ் லைட் சுவிட்ச் எங்கே? இந்த ஆறேழு விவரமும் கையில் இருந்தால், அனுபவமுள்ள பட்டறைக்காரர் வண்டியைப் பார்க்காமலே பெட்டியின் பெயரைச் சொல்லிவிடுவார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் புதுசாகத் துளை போட்டிருந்தாலோ, வெல்டிங் செய்து நகர்த்தியிருந்தாலோ, புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருந்தாலோ, அது அந்த வண்டியோடு பிறந்த பெட்டி அல்ல.

கூட்டின் மேல் பெரிய எண்கள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதுதான் மாடல் எண்ணா?

பெரும்பாலும் இல்லை. அது வார்ப்பு எண். அந்த உலோகக் கூட்டுக்கான பாக எண்தான், உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைப் பற்றி அது பேசாது. ஒரே கூட்டுக்குள் வேறு வேறு விகிதப் பல்செட் போட்டு வேறு வேறு வண்டிகளுக்குக் கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவும். பக்கத்தில் கடிகார முகம் போல ஒரு சின்ன வட்டமும் அதில் புள்ளிகளோ அம்புக்குறியோ இருந்தால் அது வார்த்த மாதமும் வருடமும். அதை ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூடு வண்டியைவிட இளையதாக இருந்தால் பெட்டி மாறியிருக்கிறது. இதைவிடச் சுலபமான சாட்சி கிடைக்காது.

புடைத்த எண் வார்ப்பில் வந்தது. உள்ளே குத்தி அடித்த எண் பின்னால் பதித்தது, அது வரிசை எண்ணாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் வண்டி டாடா. 206, 207 எல்லாவற்றிலும் ஒரே பெட்டிதானே?

இல்லை. டாடா மொபைல் 206 வந்தது 1988இல். அதில் இருந்தது 1948 சிசி டீசல் என்ஜின், 483 வரிசை. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 83 மில்லிமீட்டர் குறுக்களவு, பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். பின்னால் வந்த 207 டிஐயில் 497 வரிசை என்ஜின், நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர், 2956 சிசி. கிட்டத்தட்ட மூன்று லிட்டர். ஒரு லிட்டர் கூடுதலான என்ஜினின் இழுவையைத் தாங்க அதற்கேற்ற பெட்டி வேண்டும் அல்லவா?

சியரா, சுமோ, 207 எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். என்ஜின்களையும் பெட்டிகளையும் பங்கு போட்டுக்கொண்டவை. அதனால் பட்டறைகளில் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் மாட்டுவது சகஜம். மாட்டுவது தவறில்லை, சில சமயம் அதுதான் வண்டியைப் பிழைக்க வைத்திருக்கிறது. மாட்டியதை எழுதி வைக்காததுதான் தவறு. டாடா வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: என்ஜின் 483ஆ 497ஆ என்று முதலில் தீர்மானியுங்கள், பிறகு தகட்டைத் தேடுங்கள், தகடு இல்லாவிட்டால் கீழே சொல்லியிருக்கும் சுற்றுக் கணக்கைப் போடுங்கள்.

மஹிந்திராவில்?

மஹிந்திராவில் தலைமுறை வாரியாகப் பார்க்க வேண்டும். மிகப் பழைய ஜீப் வழி வண்டிகளில் மேலே சொன்ன மூன்று கியர் டி-90. பிறகு பியூஜோ வழி வந்த எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின், அதாவது நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர், 2112 சிசி வந்த காலத்து வண்டிகளில் கேஎம்டி-90 என்ற நாலு கியர் பெட்டியைப் பார்க்கலாம். அதற்குப் பின் பிஏ-10 என்ற ஐந்து கியர் பெட்டி. அதுவும் பியூஜோவின் வடிவமைப்பு, அலுமினியக் கூடு. பொலேரோ 2000இலும் ஸ்கார்பியோ 2002இலும் வந்தன. அந்தக் குடும்பத்தில் என்ஜிடி 520, என்ஜிடி 530 என்ற ஐந்து கியர் பெட்டிகள் அடிபடும்.

நம் பக்கம் ஓடும் பிக்கப்புகளில் 2523 சிசி டிஐ என்ஜின்தான் நிறைய. அந்த என்ஜின் நீண்ட காலம் வந்தது. அதனால் என்ஜினை மட்டும் வைத்துப் பெட்டியைச் சொல்ல முடியாது. என்ஜிடி 520க்கும் 530க்கும் சாமான் வாங்கும்போது "என்ஜிடி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் எண்ணும், அதற்குப் பின் எழுத்து இருந்தால் அந்த எழுத்தும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குட்டி யானைக்கும் இதெல்லாம் வேண்டுமா?

டாடா ஏஸ் 2005இல் வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், நாலு கியர். பின்னால் வந்த வகைகளில் ஐந்து கியரும் உண்டு. ஆகவே எண்ணிப் பாருங்கள், அவ்வளவுதான். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தில் ஐந்து கியர். இவற்றில் பெட்டி மாற்றி மாட்டும் பழக்கம் 207 அளவுக்கு இல்லை.

தகடும் இல்லை, எண்ணும் தேய்ந்துவிட்டது. வேறு வழி?

சுற்றை எண்ணுவதுதான் வழி. கூட்டை மாற்றலாம், தகட்டைப் பிடுங்கலாம், பல்சக்கர விகிதத்தை யாரும் மறைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு பேர் வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பழைய டீசல் வண்டியானால் ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள். என்ஜினின் முன்னால் கீழே, கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உள்ள புல்லிதான் நமக்கு வேண்டும். ஃபேன் புல்லியையோ ஆல்டர்னேட்டர் புல்லியையோ எண்ணினால் கணக்கே கெட்டுவிடும், அவை வேறு வேகத்தில் சுற்றும்.

ஒரு நூலை அந்தப் புல்லியைச் சுற்றிப் பிடித்து அதன் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். நூலைப் பத்துப் பங்காகப் பிரித்து, புல்லியில் சாக்பீஸால் பத்துக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோடும் பத்தில் ஒரு சுற்று. புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரே ஒரு கோடு, அதற்கு நேராகப் பெட்டியின் கூட்டில் ஒரு கோடு.

ஒன்றாம் கியரில் போட்டு, புல்லி போல்டில் பெரிய ஸ்பேனர் மாட்டி, என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் போல்ட் கழன்றுவிடலாம். டீசல் கம்ப்ரஷன் கடினமாகத்தான் இருக்கும், அவசரப்பட வேண்டாம். தொடக்கத்தில் பல் இடைவெளியால் கொஞ்சம் வெறுமனே சுற்றும், அது இறுகிய பிறகு எண்ணத் தொடங்குங்கள். அடியில் இருப்பவர் ஷாஃப்டைப் பார்க்கிறார். ஷாஃப்ட் கோடு சரியாக ஒரு முழுச் சுற்று வந்து நிற்கும்போது "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். புல்லி நாலு முழுச் சுற்று சுற்றி, அதற்கு மேல் ஒரு கோடு போயிருந்தால் விகிதம் 4.1. மூன்று சுற்றும் ஆறு கோடும் என்றால் 3.6.

இப்படியே இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து கியர் உள்ள சின்ன வண்டிப் பெட்டிகளில் நாலாவது பெரும்பாலும் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவதில் புல்லி ஒரு சுற்று முடிக்கும் முன்பே ஷாஃப்ட் ஒரு சுற்றைத் தாண்டும், அதுதான் ஓவர் டிரைவ். ஐந்தாவதே ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால், அது லோடுக்காகச் செய்த லாரி வகைப் பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஐந்து எண்களையும் ஸ்பேர் கவுன்டரில் கொடுத்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

தூக்கியது தூக்கியாயிற்று, கையோடு கிரவுன் பினியன், அதாவது பின் அச்சில் உள்ள பல்சக்கர ஜோடியின் விகிதத்தையும் எடுத்துவிடுங்கள். நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஏன் இரண்டு சுற்று என்றால், ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் கூடு மற்ற சக்கரத்தின் பாதி வேகத்தில்தான் சுற்றும்.

என் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. இதற்கும் பெட்டிக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். ஸ்பீடோமீட்டரைச் சுற்றுவது பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது இரும்புப் பல். வேறு வண்டியின் பெட்டி வந்தால் அந்தப் பல்லும் அந்த வண்டியின் டயருக்கும் கிரவுனுக்கும் ஏற்றதாகவே இருக்கும். டயர் அளவு மாறாமல் மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டினால் பெட்டியையோ கிரவுனையோ சந்தேகப்படுங்கள்.

கிளட்ச் பிளேட் வாங்க என்னென்ன அளவு எடுத்துப் போக வேண்டும்?

முடிந்தால் பழைய பிளேட்டையே எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் வெளி விட்டம் மில்லிமீட்டரில், நடுத் துளையில் பல்லின் எண்ணிக்கை, அந்தத் துளையின் விட்டம். பல்லை எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் தடவித் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்று கூடும் அல்லது குறையும். புது பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பெட்டி கீழே இருக்கும்போதே ஷாஃப்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். என் இரண்டு நாளும் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் போனவை.

என்ன ஆயில் ஊற்றலாம்? பட்டறையில் 140 ஊற்றச் சொல்கிறார்கள்.

தகட்டையோ கையேட்டையோ பார்த்து அதில் சொன்னதை ஊற்றுவதே சரி. பித்தளை சின்க்ரோ ரிங் உள்ள பெட்டிகளுக்குப் பொதுவாக ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90. கிரவுன் பக்கத்துக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே கேன் என்று ஊற்றிவிடாதீர்கள். கிரவுனின் பெரிய அழுத்தத்துக்காக ஜிஎல்-5இல் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் சில, சூடேறும்போது பித்தளைக்கு ஆகாதவை. 140 போன்ற கெட்டி ஆயில் தேய்ந்த பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், உண்மைதான். ஆனால் சின்க்ரோ ரிங் அந்தக் கெட்டிப் படலத்தை அறுத்துப் பிடிக்க நேரமாகும், கியர் விழ மறுக்கும். அதிகாலையில் கொடைக்கானல் போய் நின்று கிளம்புபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சத்தத்தை வைத்தே எந்தப் பெட்டி என்று சொல்லிவிடலாம் என்கிறார்களே?

வயதான மெக்கானிக்குகள் சிலருக்கு அந்தக் காது உண்டு, நான் மதிக்கிறேன். நமக்கு வேண்டாம். ரிவர்ஸில் வரும் கீச்சென்ற ஊளை பலவகைப் பெட்டிகளிலும் வரும், நேர்ப் பல் வெட்டியதால் வருவது அது.

என் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டியிருக்கிறது. அது என்ன?

நாலு சக்கர இழுவை உள்ள வண்டி உங்களுடையது. அது டிரான்ஸ்ஃபர் கேஸ். பழைய ஜீப் வழி வண்டிகளில் டானா 18 என்ற வகை. அதில் பின்னால் போகும் ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதற்குத் தனி ஆயில், தனிச் சீல். இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காணுங்கள்.

என் மச்சான் அமெரிக்காவில் பழைய செவ்ரோலே பிக்கப் வாங்கியிருக்கிறான். ஆட்டோமேட்டிக். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறான். எனக்கென்ன தெரியும்?

அங்கே வேலை இன்னும் சுலபம். ஆட்டோமேட்டிக் பெட்டியின் அடியில் ஆயில் தட்டு இருக்கும். அதன் வடிவத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் பார்த்தால் போதும். செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் வண்டிகளில் 13 போல்ட், சதுரத்தில் ஒரு மூலை வெட்டியது போல இருந்தால் டர்போ 350. 13 போல்ட்தான், ஆனால் வடிவம் ஒழுங்கில்லாமல் நீண்டிருந்தால் டர்போ 400. நீள்சதுரமாக 16 போல்ட் என்றால் 700ஆர்4 அல்லது அதன் வாரிசு 4எல்60இ. இந்த இரண்டில் ஒயர் கனெக்டர் பெரிதாக இருந்து த்ராட்டில் கேபிள் இல்லாவிட்டால் 4எல்60இ. 17 போல்ட் என்றால் 4எல்80இ. ஃபோர்டில் 11 போல்ட் சி4, 17 போல்ட் சி6. கிரைஸ்லரில் 14 போல்ட் என்றால் 727 அல்லது 904.

1980களிலோ அதற்குப் பிறகோ வந்த செவ்ரோலே பிக்கப் என்றால் டேஷ்போர்டு அறைக்குள் சின்னச் சின்னக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எம்38 என்றால் டர்போ 350, எம்40 என்றால் டர்போ 400, எம்டி8 என்றால் 700ஆர்4, எம்30 என்றால் 4எல்60இ. ஃபோர்டு வைத்திருப்பவர்கள் டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் டி.ஆர். என்ற கட்டத்தைப் பார்க்கலாம். மச்சானிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: ஸ்டிக்கர் சொல்வது பிறந்தபோது இருந்த பெட்டி, தட்டு சொல்வது இன்று இருக்கும் பெட்டி. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி.

காயலான் கடையில் ஒரு பெட்டி கிடக்கிறது. என் வண்டிக்குச் சேருமா என்று எப்படிப் பார்ப்பது?

தனியாகக் கிடக்கும் பெட்டியில் சுற்றுக் கணக்கு மிகச் சுலபம். முன் ஷாஃப்டிலும் பின் ஃபிளாஞ்சிலும் (புரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டும் வட்டத் தட்டு) சாக்பீஸ் கோடு போட்டு, கியர் போட்டுக் கையால் சுற்றி எண்ணுங்கள். கம்ப்ரஷன் கிடையாது, ஒரு சுற்றுக்குப் பதில் பின் ஃபிளாஞ்சைப் பத்துச் சுற்றே சுற்றி எண்ணலாம். அப்போது நாற்பத்தொன்று வந்தால் 4.1, இரண்டாவது தசமம் வரை துல்லியம் கிடைக்கும்.

பிறகு பொருத்தம். போகும்போதே ஒரு பெரிய அட்டை கொண்டு போங்கள். உங்கள் பெட்டியின் முன் முகத்தில் அட்டையை அழுத்தி, போல்ட் துளைகளைப் பென்சிலால் எடுத்து வைத்திருந்தால் அதைக் கடையில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பார்த்தாலே தெரியும். முன் ஷாஃப்ட் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது, அதன் நுனி விட்டம், பல் எண்ணிக்கை, மொத்த நீளம், மவுண்ட் இருக்கும் இடம், பின் ஃபிளாஞ்ச் துளைகள், ஸ்பீடோ கேபிளா சென்சாரா. இதில் நீளமும் மவுண்டும் மாறினால் சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டி வரும், அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

டிரெய்ன் போல்டைக் கழற்றி மிச்ச ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். பொன் நிறத்தில் மினுமினுத்தால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளலாம். இரும்புத் துணுக்கு கைக்கு அகப்பட்டால் பல் உடைந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு வாருங்கள். முன் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், நன்றாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது.

போட்டோ எடுத்து அனுப்பினால் பெயர் சொல்ல முடியுமா?

முடியும், படங்கள் சரியாக இருந்தால். இடப்பக்கம் முழுதாக ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அடியிலிருந்து ஒன்று, மூடி போல்ட்கள் எண்ணத் தெரியும்படி ஒன்று, சுரண்டிச் சுத்தம் செய்த எண்கள் அருகில் வைத்து ஒன்று, கியர் விழும் இடங்கள் வரைந்த காகிதம், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதமும் வருடமும். எண்ணின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் படத்தில் எழுந்து நிற்கும். உங்கள் ஊர்ப் பட்டறையில் மூத்தவர் யாராவது இருந்தால் எனக்கு அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். வண்டி ஓடி வந்த உடனே அடியில் படுக்க வேண்டாம். சைலன்சர் குழாய் பெட்டியை ஒட்டித்தான் போகிறது, ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள்.